நொமொண்டே போட்ட ஓட்டு

பெலிஸ்வாவுக்கு வாய் நீளம் என்று அவள் தங்கையே ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அந்த வாயை நம்பித்தான் அன்னாசி டப்பா ஆலைப் பெண்கள் அவளைச் சங்கப் பிரதிநிதி ஆக்கினார்கள். ஆக்கிய கையோடு அந்த வாயை அவளிடமிருந்து பிடுங்கியும் கொண்டார்கள். சங்கத்தின் வழக்கம் அப்படி. பிரதிநிதி என்பவள் நிர்வாகத்தின் எதிரில் உட்கார்ந்து கூட்டம் சொன்னதைச் சொல்லலாம். கூட்டம் சொல்லாத ஒன்றை எதிராளி கேட்டுவிட்டால், போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட வேண்டும். சொந்த அபிப்பிராயம் ஏதாவது இருந்தால் அதை வீட்டில் அடுப்படியில் வைத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவில் அது தொண்ணூறாம் ஆண்டு அக்டோபர். இருபத்தேழு வருஷம் அடைத்து வைத்திருந்த பெரியவரைச் சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள். ஈஸ்ட் லண்டன் கடற்கரையில் 'வெள்ளையருக்கு மட்டும்' பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் போய்க் குளிக்கலாம். குளித்து முடித்ததும் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய ம்டான்ட்சானேவுக்கு ரயிலேறி வந்துதான் தலைதுவட்ட வேண்டும். எந்த நிறத்துக்காரன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்ற சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. கறுப்பர்களுக்கு ஓட்டு என்ற பேச்சும் பேச்சாகவே இருந்தது. ஆனால் வெளிநாடுகளில் பாதிப் பேருக்கு அதற்குள் களைத்துவிட்டது. இவ்வளவு செய்துவிட்டார்களே, இனிமேலும் எதற்குப் பொருளாதாரத் தடை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐரோப்பாவிலிருந்து எம்.பி.க்கள் சிலர் கிளம்பி வருகிறார்கள், தடையை எடுக்கலாமா வேண்டாமா என்று தொழிலாளர்களையே கேட்கப் போகிறார்கள், வியாழக்கிழமை நம் ஆலைக்கும் வருகிறார்கள் என்று தகவல் வந்தபோது, பெலிஸ்வாவின் வீட்டு அடுப்படியில் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று.

"நேரா கேக்கறேன் அக்கா. தடைய எடுக்கவான்னு அவங்க கேட்டா நீ என்ன சொல்லப்போற?" என்றாள் தங்கை நொமொண்டே. அவள் உடைத்த சோளத்தையும் பயறையும் அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம கூட்டம் என்ன சொல்லுதோ அத."

"அந்தக் கதையெல்லாம் மேனேஜர்கிட்ட அள. நீ என்ன சொல்லுவ?"

"எடுக்கக் கூடாதும்பேன்."

நொமொண்டே கரண்டியைச் சட்டியில் தட்டினாள். "சொல்லுவ. ஒனக்கு மொதல் வரிசைல வேல இருக்கு. சம்பளம் வாங்கறவ வாய்க்குத் தடை ருசியாத்தான் இருக்கும்."

 ஆலையில் இரண்டு வரிசைகள் இருந்தன. தென்னாப்பிரிக்க டப்பாவைத் தொடமாட்டோம் என்று ஐரோப்பியக் கடைகள் ஒவ்வொன்றாகச் சொன்னதும் இரண்டாம் வரிசையை மூடினார்கள். அதில் பழம் வெட்டிக்கொண்டிருந்த நொமொண்டே, ஆறு வயது மகள் அவீவேயோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் எப்போதோ சுரங்கத்துக்குப் போனவன், போனவன்தான். இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமையல் வேலை காத்திருந்தது. கொல்லைப்புற அறையில் தங்கிக்கொள்ளலாம். பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது, வெள்ளையர் தெருவில் வேலைக்காரி தங்கலாம், அவள் குடும்பம் தங்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் வரிசை திறந்தால் போக வேண்டியதில்லை.

"அந்த ரூம்ல ஒன் புள்ள படுக்கக் கூடாதுன்னு சொல்றது யாருடி, வெளிநாட்டுக்காரனா? அந்தச் சட்டம் போகணும்னுதானே இத்தன பாடு?" என்றாள் பெலிஸ்வா.

"போகும். போறதுக்குள்ள இவ கல்யாணமே முடிஞ்சிடும்."

அவீவே மேசைக்கடியில் உட்கார்ந்து பொரித்த மாவுருண்டையைத் தின்றுகொண்டிருந்தாள். தன் கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் அதே தேவாலயக் கூடத்தில் சங்கக் கூட்டம். தலைவர் கொதிகலன் பகுதியில் வேலை பார்க்கும் முதியவர். அவருக்கு ஸோலானி என்று ஒரு பெயர் உண்டு. குலப்பெயரைச் சொல்லி 'பேலே' என்று அழைப்பதுதான் மரியாதை என்பதால் அந்தப் பெயர் துருப்பிடித்துக் கிடந்தது. பேலே எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். விஷயத்தைச் சொன்னார். பிறகு கூடத்தின் பின்பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினார். இரண்டாம் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வேல போனவங்க சந்தா கட்டல. சந்தா கட்டாதவங்களுக்கு ஓட்டு இல்ல. உக்காந்து கேக்கலாம், தோழர்களே. கை தூக்கக் கூடாது" என்றார்.

பின்பக்கம் இரைச்சல் கிளம்பியது. பெலிஸ்வா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேலே சொன்னது சட்டப்படி சரி. அவளுக்குச் சாதகமும்கூட. பின்பக்கத்தார் கை தூக்கினால் தடையை எடு என்றுதான் தூக்குவார்கள், அதில் முதல் கை தன் தங்கையுடையதாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவள் நினைத்தது நடந்துவிடும். ஆனால் அவளால் மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"பேலே, தடையால அடி வாங்கினது அவங்க. அடி வாங்கினவங்கள விட்டுட்டு நாம மட்டும் உக்காந்து அடி நல்லதா கெட்டதான்னு ஓட்டுப் போடறதா? அப்புறம் நமக்கும் பிரிட்டோரியாவுல அரசாங்கம் நடத்தறவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"சந்தா?"

"வேலைய விட்டு அவங்களா போகல. வெளிய தள்ளினாங்க."

பேலே நெடுநேரம் யோசித்தார். அவர் யோசிக்கும்போது குறுக்கே பேச யாருக்கும் துணிவில்லை. கடைசியில் கையை விரித்து, சரி, எல்லோருக்கும் ஓட்டு என்றார். ஆலைக்கு உள்ளே இருப்பவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் அது ஏறவில்லை.

நொமொண்டே எழுந்து பேசினாள். கத்தவில்லை. "எங்கக்கா வீட்டுல ரெண்டு வருஷமா சாப்பிடறேன். அவ ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. அதுவே எனக்குத் தொண்டைல நிக்குது. நல்லது வரும்னு நீங்க சொல்றீங்க, நானும் நம்பறேன். ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்க எனக்குத் தெம்பில்ல. எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் பல பேர் தலையாட்டினார்கள். முன்பக்கத்திலும் சில தலைகள் ஆடின.

அவளுக்கு எதிராகப் பேசியதும் வேலை போன ஒருத்திதான். போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போன மகனைத் திரும்பப் பெறாத ஒரு தாய். "ரெண்டு வருஷம் பட்டினி கெடந்தாச்சு. இப்ப எடுத்தா அந்தப் பட்டினிக்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேலே பெஞ்சு பெஞ்சாக நடந்து, ஒவ்வொரு கையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். வித்தியாசம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்ததால் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். தடை இருக்கட்டும் என்ற பக்கம்தான் ஜெயித்தது. 

செவ்வாய்க்கிழமை மேனேஜர் ஹார்ட்லி பெலிஸ்வாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பண்ணையில் வேலைக்காரப் பிள்ளைகளோடு வளர்ந்த வெள்ளைக்காரர். ஆலைப் பெண்களின் தாய்மொழியான கோசாவை அவர்களைவிட நன்றாகப் பேசுவார். அந்த மொழியிலேயே குசலம் விசாரித்தார், மாட்டுக்கு மழை போதாது என்றார், பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"ஒன்னைக் கொள்கைய விடச் சொல்லல, பெலிஸ்வா. தடை இருக்கட்டும்னே சொல்லு. தங்கத்துக்கு இருக்கட்டும், நிலக்கரிக்கு இருக்கட்டும். பழ டப்பாவுக்கு மட்டும் வேண்டாம்னு ஒரு வார்த்த சேத்துக்க. அவ்வளவுதான். அவங்க ஆர்டர் கொடுத்தா ரெண்டாம் வரிசைய அடுத்த மாசமே தெறக்கறேன். மொத ஆளா ஒன் தங்கச்சி உள்ள வரட்டும்."

"இது புதுசு. போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள் பெலிஸ்வா.

"நாளன்னிக்கு வர்றாங்க. அதுக்குள்ள எந்தக் கூட்டத்தக் கூட்டுவ? ஒரு வார்த்ததானே, ஒன் பொறுப்புல சொல்லு."

அன்று மத்தியானம் முழுவதும் அவள் கையில் கத்தி தானாக ஓடியது, மனம் வேறெங்கோ இருந்தது. ஒரு வார்த்தை. யாருக்கும் துரோகமில்லை, பார்க்கப்போனால் இது நியாயம்கூட. தங்கத்துக்காரனைப் பட்டினி போட்டால்தானே அரசாங்கத்துக்கு வலிக்கும், அன்னாசி வெட்டுகிறவளைப் போட்டு என்ன? இப்படி நினைக்க நினைக்க நாக்கு அரித்தது. வேலை முடியும் மணி அடித்ததும் கொதிகலன் பகுதிக்குப் போய் பேலேயிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"புதுப் பேச்சுன்னா புதுக் கூட்டம். அது வரைக்கும் பழைய சொல்லுதான் நிக்கும்" என்றார் அவர். பிறகு சற்றுப் பொறுத்து, "கஷ்டம்தான் மகளே" என்றார். அதற்குமேல் அவரிடம் ஆறுதல் ஒன்றும் இல்லை.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள். நொமொண்டே முற்றத்தில் உட்கார்ந்து அவீவேயின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வாயடைத்துவிட்டது. ஆனால் ஹார்ட்லிக்கு வாயடைக்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே ஆள் அனுப்பி, இரண்டாம் வரிசைப் பெண்கள் எல்லோரையும் வியாழக்கிழமை தேநீருக்கு அழைத்துவிட்டார். ஏன் அழைக்கிறார், என்ன கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பதையும் அந்த ஆள் விலாவாரியாகச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் பெலிஸ்வா ரயிலிறங்கி வந்தபோது நொமொண்டே வாசலிலேயே நின்றாள்.

"பழ டப்பாவுக்கு மட்டும் வேண்டாம்னு சொன்னாப் போதுமாமே?"

"கூட்டம் அப்படிச் சொல்லலயே."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேப்ப. நீ கேட்டா நான் செஞ்சிடுவேன். அதான் சொல்லல."

நொமொண்டே அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் அவள் மூக்கு விடைத்திருந்தது. "நாளைக்கு நான் போகத்தான் போறேன். என்னைக் கேட்டா நான் பேசுவேன். என் வாய யாரும் வாங்கிட்டுப் போகல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று பெலிஸ்வாவின் தட்டில் யாரும் சோறு போட்டு வைக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டாம் வரிசைப் பெண்கள் சிவப்பு மேல்சட்டையும் கறுப்புப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து இறங்கினார்கள். வியாழன் என்றால் தேவாலயப் பெண்கள் சங்கத்தின் பிரார்த்தனை நாள், தேநீர் முடிந்ததும் நேரே அங்கே போக வேண்டும், அதற்கான உடுப்பு அது. தனக்காகத்தான் இப்படி உடுத்தி வந்திருக்கிறார்கள் என்று ஹார்ட்லிக்கு ஒரே பூரிப்பு. ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

விருந்தாளிகள் மூன்று பேர். பேசியவர்கள் இரண்டு பேர், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் அம்மாளும், தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருவரும். ஆலையைச் சுற்றிப் பார்த்தார்கள், மூடிக் கிடந்த இரண்டாம் வரிசையின் தூசியைப் பார்த்தார்கள், பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பெலிஸ்வா எழுந்து கூட்டம் சொன்னதைச் சொன்னாள். குடியிருப்புச் சட்டம் போகவில்லை, ஓட்டு வரவில்லை, வரும்வரை தடை இருக்கட்டும். வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பழ டப்பாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஹார்ட்லியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"வேலையில இருக்கறவங்க சொல்லிட்டாங்க. வேல போனவங்களையும் கேக்க வேண்டாமா?" என்றார் ஹார்ட்லி விருந்தாளிகளிடம். அவர் கை நேராக நொமொண்டேயைக் காட்டியது. "இந்த அம்மா இவங்களோட கூடப் பொறந்த தங்கச்சி. இங்கிலீஷ் வராது. நான் மொழிபெயர்த்தா திரிச்சுட்டேன்னு சொல்லுவாங்க. அக்காவே சொல்லட்டும்."

கெட்டிக்கார மனுஷர். பெலிஸ்வாவின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை சொல்வதை மாற்றவும் முடியாது, ஹார்ட்லிக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். புரியாவிட்டாலும் மாற்ற அவளுக்கு மனம் வராது. நொமொண்டே எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஞாயித்துக்கெழம எங்க கூட்டம் நடந்துச்சு. தடைய எடுக்கணும்னு நான் எந்திரிச்சுப் பேசினேன். கையும் தூக்கினேன். இன்னிக்கும் என் நெனப்பு அதேதான்."

பெலிஸ்வா ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள்.  ஹார்ட்லி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"ஆனா நான் தோத்துட்டேன். அதனால இப்பக் குடுக்க எங்கிட்டத் தனியா பதில் இல்ல. எங்கக்கா சொன்னதுதான் என் பதில்."

கண்ணாடிக்காரர் புருவத்தைச் சுருக்கினார். "எனக்குப் புரியல. எடுக்கணும்னு நெனைக்கறாங்க, எடுக்கக் கூடாதுன்னு பதில் சொல்றாங்க. யாராவது மிரட்டினாங்களா?"

பெலிஸ்வா இதைத் தங்கைக்குச் சொன்னதும் நொமொண்டே சிரித்தேவிட்டாள். "மிரட்டறதா? இவளா? இவளுக்கு எங்க வீட்டுப் பூனைகூடப் பயப்படாது." அதையும் பெலிஸ்வா மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சிவப்புச் சட்டைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை நொமொண்டே காத்திருந்தாள். பிறகு நரைமுடி அம்மாளைப் பார்த்துப் பேசினாள். "அம்மா, எனக்கு முப்பத்தஞ்சு வயசாகுது. எங்க குடியிருக்கறன்னு என்னை யாரும் கேட்டதில்ல, இங்க இருன்னு சொன்னாங்க. யாரு ஒன்னை ஆளணும்னும் கேட்டதில்ல. ஞாயித்துக்கெழமதான் மொத தடவ ஒருத்தர் வந்து என் கையத் தொட்டு எண்ணினாரு. சந்தேகம் வந்து மறுபடியும் வந்து எண்ணினாரு."

இந்த இடத்தில் பெலிஸ்வாவால் தொடர முடியவில்லை. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.  கூட்டத்தில் எழுந்து அவர்களுக்கும் ஓட்டுக் கொடு என்று கேட்டபோது, அந்த ஓட்டு தங்கைக்கு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. குரலைச் சரிசெய்துகொண்டு சொல்லி முடித்தாள்.

"எண்ணித்தான் தோத்தேன். இப்பத் தனியா வந்து ஒங்க காதுல ஓதி ஜெயிச்சுட்டா, அந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு?" என்றாள் நொமொண்டே. "எங்க எல்லார் கையையும் அங்க பிரிட்டோரியாவுல எண்ணட்டும். எண்ணி முடிச்சப்புறம் ஒங்க தடைய எடுத்துக்கங்க. அன்னிக்கும் நான் தோத்தா தோத்துட்டுப் போறேன்."

நரைமுடி அம்மாள் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். எழுந்து வந்து நொமொண்டேயின் கையைப் பிடித்துக்கொண்டார். புரிந்தது என்றார். கண்ணாடிக்காரர் ஹார்ட்லியிடம் திரும்பி, ஏற்றுமதியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. தடை இருந்தது, இரண்டாம் வரிசையின் தூசியும் இருந்தது.

பிரார்த்தனைக்குப் போகும் வழியில் பெலிஸ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அழாத. நீ பண்ணது தப்புன்னுதான் இப்பவும் சொல்றேன்" என்றாள் நொமொண்டே.

"தெரியும்டி."

"நேத்திக்குச் சோறு போடாம விட்டதுக்கு மட்டும் வருத்தம்."

மாதக் கடைசியில் ஜோகன்னஸ்பர்க் பஸ் கிளம்பும் இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். ஒரு பெட்டி, ஒரு போர்வைக் கட்டு, வழிக்குக் கோழி வறுவல். பெலிஸ்வா எத்தனையோ நாளாக நெஞ்சில் வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தாள். "நொமொண்டே, என்னை மன்னிச்சிடு."

"எதுக்கு? ஓட்டுப் போட்டதுக்கா? நீ தோத்திருந்தா நான் ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன்னா நெனைக்கற? நடு ரோட்ல நின்னு ஆடியிருப்பேன்." சொல்லும்போதே அவள் உதடு கோணிற்று. குனிந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பெரியம்மா சொல்வதைக் கேள், பல்லைத் தேய், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள். திரும்பிப் பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பஸ் மறைந்த பிறகும் அவீவே அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ரயில் நிலையத்துக்குப் பாதி வழி வந்ததும் பெரியம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா இருக்கற ரூம்ல எனக்கு எடம் பத்தாதா?"

"எடம் பத்தும் கண்ணு. நீ அங்க இருக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு."

"அத எடுக்கச் சொல்லி யாருமே கேக்கலயா?"

பெலிஸ்வா அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

"கேட்டாச்சுடி தங்கம். ஒங்கம்மாதான் கேட்டா."